பியர்ப் போத்தலில் என் பெயர்

மகனே,

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. தேங்காயைத் துருவி வைத்துவிட்டுச் சொதி வைக்க மறந்துபோகிறேன். குரோட்டனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றவில்லை என்று நினைத்துத் திரும்பவும் வாளியைத் தூக்குகிறேன். நூலகத்தில் சமையல் புத்தகங்களைச் சட்டப் புத்தகங்களின் தட்டில் அடுக்கிவிட்டேன். ஒரு சட்டத்தரணி சிரித்துக்கொண்டே ஊறுகாய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உட்கார்ந்தால் எழும்பவேண்டும் போலிருக்கிறது. எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரிவதில்லை. நீ கேட்டது சின்ன விஷயம் மாதிரித்தான் இருந்தது. நீ காய்ச்சிய பியருக்கு என் பெயரை வைக்கலாமா என்று கேட்டாய். அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஒரு சஞ்சிகைக்கும் அனுப்பப்போகிறேன். கோபிக்காதே. உனக்கு மட்டும் எழுதினால் ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் முடித்துவிடுவேன். முன்பின் தெரியாதவர்கள் வாசிக்க எழுதினால்தான் காரணம் சொல்லவேண்டி வரும். எனக்கே என் காரணம் என்னவென்று தெரியவேண்டியிருக்கிறது. வழக்கம்போலப் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதுகிற ஒருத்தியிடம் போய்ப் பெயர் கேட்டிருக்கிறாய் என்பதை முதலில் நீ விளங்கிக்கொள்ளவேண்டும்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. கொக்குவிலில் நீயும் நானும் கடைக்குப் போனால், அக்காவும் தம்பியுமோ என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அந்த வயதுக்குப் பிறகு என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. நீ அம்மா என்றாய். உன் அப்பா இஞ்சரும் என்றார். அவருடைய அக்கா, உன் மாமி, பிள்ளை என்றார். நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் மிஸ். வருடத்தில் சில நாள் கோயிலில் அர்ச்சனை செய்யும்போது ஐயர் மட்டும் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொல்லுவார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பெயர் உள்ளே இருந்தால் ஆளும் உள்ளே இருக்கலாம். புத்தகம் வாசிக்கிறவளுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

பெல்ஜியத்துக்கு நான் வந்த அன்று அந்தக் கிழவர் அதைத்தான் முதலில் உடைத்தார். உன் முதலாளி யோஸ் என்ற அந்த மனிதரைப் பற்றி நீ எவ்வளவோ சொல்லியிருந்தாய். பியர் காய்ச்சுவது அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருவது, பெரிய கொம்பனிகள் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் வீட்டாரும் சில வேலையாட்களுமாகவே நடத்துகிறார்கள் என்றெல்லாம். நான் எதிர்பார்த்தது ஒரு தொழிற்சாலை. நீ என்னைக் கூட்டிப்போனது செங்கல் வீடு ஒன்றுக்கு. முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் செப்புக் கிடாரங்கள். முற்றமெல்லாம் அவித்த தானியத்தின் வாசனை, உளுத்தங்கஞ்சி அடுப்பில் இருக்கிற வீடு மாதிரி. அவர் றப்பர் சப்பாத்தோடு வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து, என் பெயரைச் சொன்னார். தப்பான இடத்தில் அழுத்தி, ஆனால் முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல. நீ சிரித்தாய். கூச்சத்தை மறைக்க நான் பக்கத்து அலுவலகக் கதவில் எழுதியிருந்த டச்சுச் சொல்லை வாசித்து, இது எங்கடை கந்தோர்தானே என்று கேட்டேன். ஓம் அம்மா, கந்தோர்தான், இஞ்சையிருந்துதான் அங்கை வந்தது என்றாய். ஒல்லாந்தர் காலத்தில் வந்த சொல் என்று நூலகத்தில் எத்தனையோ முறை வாசித்த விஷயம் அது. ஒரு கதவில் பார்த்தபோதுதான் நம்பினேன்.

அந்த வீட்டின் வழக்கத்தை அன்றைக்கே எனக்குச் சொன்னீர்கள். சுவை பார்க்கும் அறையில் ஒரு நீளப் பலகைத் தட்டு. அதில் வெறும் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். அந்த வீட்டில் ஒருவர் பியர் காய்ச்சுகிறவராக ஆனதும் தனக்கென்று ஒன்று காய்ச்சவேண்டும். அதற்குத் தன் தாயின் பெயரை வைக்கவேண்டும். பெயர் வைத்தால்தான் அது படலை தாண்டி விற்பனைக்குப் போகும். அதன்பிறகுதான் அவர் அந்த வீட்டு ஆள். மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். யோசுடைய பாட்டனார் வைத்தது அன்னா. தகப்பன் வைத்தது மார்த்தா. யோஸ் வைத்தது இர்மா. அவருடைய மகள் லீன் வைத்தது ரீட்டா. அது அவளுடைய தாய், எங்களுக்குச் சூப் ஊற்றித் தந்த அதே ரீட்டா. ரீட்டாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. நீ அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியாமலா?

அங்கே நான் செய்த மடைவேலையை நீ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய் என்று தெரியும். பிறர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க நாங்கள் பழகவில்லை. நீங்கள் எல்லோரும் கிடாரத்தடியில் நின்ற நேரம், சுவை பார்க்க எடுத்து வைத்திருந்த கிளாசுகளைக் கண்டேன். சவர்க்காரம் போட்டு, விளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கி, துவாயால் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். யோஸ் வந்து முதல் கிளாசில் ஊற்றினார். நுரை எழும்பிற்று, உடனே செத்தது. இரண்டாவதிலும் அப்படியே. அவர் கிளாசை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். நீ மொழிபெயர்த்தாய்: "வீடு நல்ல சுத்தமாம் அம்மா, பியர்தானாம் செத்துப்போச்சு." ரீட்டா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். சவர்க்காரம் ஒட்டியிருந்தால் நுரை நிற்காதாம். பிறகு யோஸ் ஒவ்வொரு கிளாசாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல், ஈரத்தோடு வைத்தார். என்னை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கூடுதலாக வெட்கமாக இருந்தது.

அந்த ஈரக் கிளாசிலிருந்துதான் என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பியர் குடித்தேன். புறப்படுமுன் நான் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாசித்திருந்தேன். மடத்துத் துறவிகள், பார்லி, ஹொப்ஸ் என்கிற அந்தக் கசப்புப் பூ, எல்லாம் தெரியும். நாக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அன்னா மங்கலாக, வெள்ளையாக இருந்தது, அரிசி களைந்த தண்ணீர்போல. ஒரு வாய் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தடிமனுக்கு உனக்கு அவித்துத் தருகிற மல்லித்தண்ணியை ஆறவைத்துக் காற்றடித்த மாதிரி. மல்லிதானே என்று கேட்டேன். மல்லியும் தோடம்பழத் தோலும் என்றாய். யோஸ் உன் முதுகில் தட்டினார், கண்டுபிடித்தது நீ என்பதுபோல. மார்த்தா கறுப்பு. அடிப்பிடித்த பால்சோறு, கோப்பி, விளாம்பழத்துக்குச் சர்க்கரை போட்டுக் குழைத்த வாசம். குடித்துக் கொஞ்ச நேரத்தில் என் இரண்டு காதும் சுட்டன. மார்த்தா பெரிய உடம்புக்காரி, பொல்லாதவள், ஆனால் பசி தாங்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

இர்மாதான் என்னைக் குழப்பியது. மரப் பீப்பாவில் வருடக்கணக்காகக் கிடப்பதாம். முதல் மிடறு வினாகிரி. முகத்தைச் சுளித்தேன். இரண்டாவதில் பழஞ்சோற்றுத் தண்ணீருக்குத் தேசிக்காய் பிழிந்த சுவை தெரிந்தது. அதற்கு அடியில் நனைந்த பலகை, பழைய பெட்டியின் உட்பக்கம். மூன்றாவது மிடற்றை நானாகக் கேட்டு வாங்கினேன். ரீட்டா பொன்னிறம், நுரை தடிப்பு, கசப்பு. வேப்பம்பூ வடகத்தைப் பச்சைப் புல்லோடு கடித்ததுபோல ஒரு சுத்தமான கசப்பு. விழுங்கிய பிறகும் கதைத்துக்கொண்டே இருந்தது. நான்கு பெண்களோடு ஒரே பின்னேரம் இருந்துவிட்டு எழும்பின மாதிரி இருந்தது எனக்கு. இதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ என்னைத் தனியாகக் கூட்டிப்போய், ஒரு தாங்கியின் குழாயைத் திறந்து உன்னுடையதைத் தந்தாய். நான் ஓலைக் குட்டானில் கொண்டுவந்து கொடுத்தது போன்ற பனங்கட்டியை அன்ரவெர்ப்பன் நகரத்துத் தமிழ்க் கடையில் வாங்கிப் போட்டு, நான் வருமுன்னமே காய்ச்சியதாம். நீ என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாய். பரீட்சை முடிவு பார்க்கப் போன நாளில் இருந்த அதே முகம். நான் நல்லாயிருக்கு என்றேன். ஒரு தாய் வேறு எதைச் சொல்லுவாள்?

புறப்படுவதற்கு முதல் நாள் நானும் ரீட்டாவும் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். ஆனபடியால் சுற்றி வளைத்துக் கதைக்க வழி இல்லை. உங்கள் பெயரில் இருக்கிற பியர் எனக்குப் பிடித்திருந்தது என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் அதைக் குடிப்பதில்லை. எனக்கு அது சரியான கசப்பு. லீனுக்கு நான் அப்படித் தெரிகிறேன் போல." அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே," என்றார். இர்மா, அந்தப் பெருமைக்குரிய இர்மா, சாகும்வரை கோப்பிதான் குடித்தாராம். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் ரீட்டா கத்தியைத் திரும்ப எடுத்துக் கிழங்கை உரித்தார்.

ஊருக்குத் திரும்பி வந்தேன். இங்கே உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. நீ அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து நான் மாமியிடம் நீ சோடாக் கொம்பனியில் வேலை என்று சொல்லியிருந்தேன். பொய் தானாகவே பொருந்திவந்தது. போத்தல், மூடி, காஸ், லொறி, எல்லாம் சோடாவுக்கும் உண்டுதானே. உன் அப்பாவும் அக்காவிடம் அதைத் திருத்தவில்லை. போன கிழமை உன் கூட்டாளி விடுமுறையில் வந்து, துவாயில் சுற்றிய இரண்டு போத்தல்களைத் தந்துவிட்டுப் போனான். சுற்றை அவிழ்த்தால், நீ பார்ப்பதற்கென்று அடித்த லேபலில் என் பெயர், தமிழில் பெரிதாக. நான் அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மாமி எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீரைத் தானே எடுத்துக் குடிப்பவர் என்பதை அந்த நேரம் மறந்துபோனேன்.

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் விறாந்தைக்கு வந்தார்.

"இதென்ன பிள்ளை?"

"சோடா, மச்சாள்."

"சோடாக் கொம்பனிக்காரர் உம்மடை பேரிலையோ சோடா விடுகினம்?"

மாமி கதிரையில் வசதியாக இருந்துகொண்டார். "எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? அண்டைக்குக் காட்டின படத்திலை உவன் பிடிச்சுக்கொண்டு நிண்ட கிளாசிலை நாலு விரல் நுரை. சோடாவுக்கு உவ்வளவு நுரை எங்கை நிக்கும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். எங்கள் ஆட்கள் செய்கிற வேலையோ இது என்று கேட்டார். எந்த ஆட்கள் செய்கிற வேலை என்று சொல்லவில்லை. சொல்லாமலே சொல்ல அவருக்குத் தெரியும். எழும்பிப் போகும்போது படலையடியில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார்.

"வேலையை என்னவெண்டாலும் செய்யட்டும். பேரை விடச்சொல்லும். ஐயர் அர்ச்சனையிலை சொல்லுற பேர் பிள்ளை அது. நாளைக்குக் குடிகாரங்கள் மேசையிலை தட்டி, ரெண்டு கொண்டா எண்டு கேப்பாங்கள்."

அதுதான் என்னை இருக்கவிடாமல் செய்தது. மாமி சொன்ன சாதி விஷயம் இல்லை. அதற்கு என்னிடம் பதில் உண்டு. பனையிலிருந்து இறங்குவது ஒரே நீர். மரத்தில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிக்கிற கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு. கருப்பணியைக் காய்ச்சிய பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மாமி தேத்தண்ணீர் குடிப்பார். கள்ளு, குடிக்கிறவர்கள் கூடும் தவறணைக்குப் போகும். இரண்டையும் இறக்குகிறவர் ஒருவர்தான். நான் பிறந்த வீட்டில் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்தி, செம்பில் அவர் முட்டி முட்டாதபடி பிடிக்க எனக்குப் பழக்கியிருந்தார்கள். எங்கள் மரியாதை எல்லாம் ஒரு விரல் சுண்ணாம்பில்தான் நின்றது. நீ செய்கிற வேலையைச் சோடா என்று சொன்னபோது நானும் அந்தச் சுண்ணாம்பைத்தான் தடவினேன். இனித் தடவமாட்டேன். யார் கேட்டாலும் என் மகன் பியர் காய்ச்சுகிறான் என்றுதான் சொல்லுவேன். நேற்று நூலகத்தில் ஒருவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

ஆனால் அந்த மேசை தட்டுகிற சத்தம் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கேட்பான். இன்னொருவன் என் பெயரைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவான். பாரிசில், லண்டனில் எங்கள் ஆட்கள் அந்தப் போத்தலைப் படம் பிடித்து அனுப்புவார்கள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கும்போது யாராவது என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் நினைத்து, வேண்டாம் என்று சொல்லத்தான் தொலைபேசியை எடுத்தேன். எடுத்ததும் அந்தத் தட்டில் இருந்த காலி இடம் கண்ணில் வந்தது. நீ பள்ளிக்கூடம் மாறிய ஒவ்வொரு முறையும் வகுப்பு வாசலில் நின்று, எந்த வாங்கில் இடம் இருக்கிறது என்று பார்ப்பாய். நான் மறுத்தால் நீ எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும் அந்த வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான். தொலைபேசியை வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். உன் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் நடக்கிற நடையைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் வாயைத் திறந்திருப்பார்.

"இஞ்சரும், அது உம்மடை பேர். அக்காவையும் கேக்காதையும், என்னையும் கேக்காதையும்." பிறகு சிவப்புப் பேனையை மூடிக்கொண்டு கேட்டார்: "முதல் அது நல்லாயிருக்கோ? குடிச்சுப் பாத்தனீரோ?"

அங்கே தாங்கியடியில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கியதைத் தவிர நான் குடித்துப் பார்க்கவில்லை. மறைத்தேன், கவலைப்பட்டேன், நடந்தேன், அதைத் திறக்க மட்டும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் திறந்தேன். கிளாசைச் சவர்க்காரம் இல்லாமல் அலசினேன். நல்ல நிறம், மாரியில் ஓடுகிற செம்மண் தண்ணீரில் வெயில் பட்டதுபோல. நுரை நின்றது. முகர்ந்தால் பனங்கட்டி காய்ச்சுகிற புகை, உண்மையாகவே. வாயில் வைத்தால் உருண்டு திரண்டு இனித்தது. கொஞ்சம் ஏலக்காய்கூடப் போட்டிருக்கிறாய். விழுங்கினேன். விழுங்கியதும் ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லி இன்னொரு வாய் கேட்டார். அது எல்லோருக்கும் பிடிக்கும், மகனே. நன்றாக விற்கும். அதைக் காய்ச்சியவன் தாயை நினைத்து ஏங்கிக்கொண்டு காய்ச்சினான் என்று குடிக்கிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. கண் கலங்கிற்று. ஆனால் அது நான் இல்லை.

நீ பனையிலிருந்து பனங்கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். பனம்பழத்தைப் பிழிந்து காயவைக்கிற பனாட்டில் ஒரு கசப்பு இருக்கிறதே, பனங்காய் சில மரத்தில் வாய் வைக்க முடியாமல் கயர்க்குமே, பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மாவின் அந்த மண்வாசம், அதெல்லாம் எங்கே போயிற்று? பத்தொன்பது வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு, வாசிக்க ஆசைப்பட்ட புத்தகத்தை ஒரு கையில் விரித்து வைத்திருந்தவளுக்கு நீ அழும்போது கோபம் வரும். நீ விமானம் ஏறிய அன்று அழுதேன். வீட்டுக்கு வந்ததும், இனி என் நேரம் என்று நினைத்து ஒரு நாவலை எடுத்துக்கொண்டு படுத்தேன். இந்த வீட்டில் வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததில் மரியாதையும் இருந்தது, வீம்பும் இருந்தது. நீ இவற்றைக் கண்டிருப்பாய். கண்டும், அம்மா என்றால் இனிப்புத்தான் என்று காய்ச்சியிருக்கிறாய். ரீட்டாவைக் கசப்பு என்று லீன் நினைத்தது எவ்வளவு பிழையோ, என்னை இனிப்பு என்று நீ நினைப்பதும் அவ்வளவு பிழை. யாரோ ஒருவன் மேசையில் தட்டி என் பெயரைச் சொல்லிக் கேட்கத்தான் போகிறான் என்றால், அவன் கிளாசில் நான் இருக்கவேண்டும்.

ஆகையால் என் பதில் இதுதான். இந்தப் பியருக்கு என் பெயர் வேண்டாம். லேபல் அடிக்கிற அச்சுக்காரரை நிற்கச் சொல். யோஸ் கேட்டால், அம்மா குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காய்ச்சச் சொன்னாள் என்று சொல். அந்த வீட்டில் அப்படிச் சொன்ன முதல் தாய் நானாக இருந்தால் இருக்கட்டும். இதை ரீட்டாவுக்குக் கேட்கும்படி சொல். இனிப்பைக் குறை. ஏலக்காயை எடுத்துவிடு. பனாட்டு அனுப்புகிறேன், அதை என்ன செய்வது என்று உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. உன் கை கூசும், அம்மாவின் பெயரில் கசப்பா என்று. கூசட்டும், காய்ச்சு. எத்தனை தாங்கி பிழையாகப் போனாலும் அவசரப்படாதே. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு போத்தல் அனுப்பு. நான் இனி ஒளித்து வைக்கமாட்டேன்.

ஒரு நாள் அதில் ஒன்றைக் குடித்து நான் முகத்தைச் சுளிப்பேன். சுளித்துவிட்டு இன்னொரு வாய் ஊற்றிக்கொள்வேன். அன்றைக்கு உனக்குத் தொலைபேசி எடுத்து ஓம் என்று சொல்லமாட்டேன். ஒரு கடதாசியில் என் பெயரை என் கையாலேயே எழுதி அனுப்புவேன். லேபலில் அந்த எழுத்தையே அடிக்கச் சொல்.